புள்ளி வைத்த வாழ்த்து அட்டை: வீட்டுக் காகித வெட்டு மெஷின் – ஒரு பாடம்

சென்ற பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து போன வாழ்த்து அட்டைகளைப் பார்த்துவிட்டு, "கடையில் வாங்கினீர்களா, நீங்களே செய்தீர்களா?" என்று சங்கத்து நண்பர்கள் பலர் கேட்டார்கள். செய்முறையை எழுதித் தருகிறேன் என்று வாக்களித்திருந்தேன். அதை இப்போது நிறைவேற்றுகிறேன்.

நான் ஓவியனல்ல. பட்டயப் படிப்பு முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஜான்சி, மதுரா, தில்லி என்று மாற்றலாகி ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் கலைக்குப் பொறுப்பு என் மனைவிதான். எந்த ஊர் குவார்ட்டர்சில் இருந்தாலும், மார்கழி பிறந்ததும் அட்டை வாங்கி வந்து கோலம் வரைந்து, கத்தரித்து, ஊரில் உள்ள உறவினர் அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்புவாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. அந்த ஆண்டு அட்டை எதுவும் போகவில்லை. கோல நோட்டு அலமாரியில் ஏறிவிட்டது. அதைக் கீழே இறக்குவதற்காகவே நான் இந்த மெஷினைக் கற்றுக்கொண்டேன்.

1. மெஷின் எப்படி வேலை செய்கிறது?

பார்வைக்கு இது கம்ப்யூட்டர் பிரின்டர் போலத்தான் இருக்கும். மை இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சற்றே ஒட்டும் தன்மையுள்ள ஒரு பிளாஸ்டிக் பாயின் மேல் காகிதத்தை ஒட்டி உள்ளே விட வேண்டும். உருளைகள் பாயை முன்னும் பின்னும் நகர்த்தும். கத்தி இடமும் வலமும் ஓடும். இரண்டு அசைவும் ஒரே நேரத்தில் நடப்பதால் எந்த வளைவையும் வெட்டலாம். வீட்டு உபயோகத்துக்கு வரும் நடுத்தர மெஷின்கள் 12 அங்குல அகலம் வரை எடுக்கும்.

கத்தியின் அமைப்பு பார்க்க வேண்டிய ஒன்று. கத்தியைத் திருப்ப அதில் தனி மோட்டார் எதுவும் இல்லை. பிளாட்பாரத்தில் பார்சல் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். சக்கரம் தரையைத் தொடும் இடம் அதன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதுதான் காரணம். இந்தக் கத்தியின் முனையும் அதேபோல் அச்சிலிருந்து சுமார் கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே கத்தி போகும் திசையில் தானே திரும்பிக்கொள்கிறது. முனையில் காகிதத் தூசு அடைத்துக்கொண்டால் இந்தச் சுழற்சி நின்றுபோகும். மூலைகள் பிய்ந்து வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதலில் கத்திக் கூட்டைக் கழற்றித் தூசியைத் தட்டுங்கள்.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கையால் சுற்றும் மெஷினும் உண்டு. கரும்புச்சாறு பிழியும் மெஷின்தான் அதற்குச் சரியான உவமை. காகிதத்தையும் எஃகு அச்சையும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து உருளைகளின் ஊடே சுற்றினால், அச்சின் வடிவம் வெட்டுப்பட்டு வரும். மின்சாரம் வேண்டாம். ஆனால் அச்சு இருக்கும் வடிவம் மட்டுமே கிடைக்கும். நம் கோலமும் நம் எழுத்தும் வேண்டுமென்றால் முதல் வகைதான் சரி.

2. காகிதம்

சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். இருக்கும். அது வாழ்த்து அட்டைக்கு நிற்காது. 200 முதல் 250 ஜி.எஸ்.எம். அட்டை வாங்குங்கள். ஜெய்ப்பூர் அருகே உள்ள சாங்கானேரில் செய்யும் கைக்காகிதம் மிக அழகானது. ஆனால் பருத்தி இழை நீளமாக இருப்பதால் நுணுக்கமான வெட்டில் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். அதை அட்டையின் உடலுக்கு வைத்துக்கொண்டு, மேலே ஒட்டும் கோலத்தை வழுவழுப்பான அட்டையில் வெட்டுவது நல்லது.

மரத்துக்கு இருப்பது போலக் காகிதத்துக்கும் இழை ஓட்டம் உண்டு. அட்டையை மடிக்காமல் இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் போக்கில் இழை ஓடுகிறது. அப்படியே மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தினால் மடிப்பு நேராக வரும்.

அளவு: ஏ4 தாளை (210 × 297 மி.மீ.) பாதியாக வெட்டினால் ஏ5. அதை மடித்தால் 105 × 148 மி.மீ. அட்டை. 114 × 162 மி.மீ. உறையில் இது சரியாக உட்காரும்.

3. கோலத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது

மெஷினுக்குப் புகைப்படம் புரியாது, கோடுதான் புரியும். கோட்டைக் கணக்காகச் சேமிக்கும் எஸ்.வி.ஜி. வகைக் கோப்பு வேண்டும். இத்தகைய வளைவுகளின் கணக்கை 1960களில் பரப்பியவர்களில் ஒருவர் ரெனோ கார் தொழிற்சாலையின் பொறியாளர் பியர் பெசியே. கார் உடலின் வளைவை வரைய வந்த கணக்குதான் இன்று நம் வாசல் கோலத்தையும் வரைகிறது. இதற்கு இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளே போதும்.

முதல் பயிற்சியாக நேர்ப்புள்ளி 5, ஒன்றில் முடியும் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 1, 3, 5, 3, 1 என்று மொத்தம் 13 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி 15 மி.மீ. வைத்தால் நடு வரிசை 60 மி.மீ. கோடு வெளியே சுற்றி வருவதற்கு இரு பக்கமும் அரைப் புள்ளி இடம் விட்டால் 75 மி.மீ. அட்டையின் அகலம் 105. இரு பக்கமும் 15 மி.மீ. ஓரம் மிஞ்சும்.

நான் செய்த முதல் தவறு இந்த இடத்தில்தான். கோலத்தை வரைந்து அப்படியே மெஷினுக்கு அனுப்பினேன். பாயை வெளியே எடுத்தபோது கோலம் இல்லை, துண்டு துண்டாகக் காகிதம்தான் இருந்தது. காரணம் எளிது. நம் கண்ணுக்குக் கோலக் கோடு தடிமனாகத் தெரிகிறது. மெஷினுக்கோ கோட்டுக்கு அகலம் கிடையாது, அது கத்தி போகும் பாதை மட்டுமே. எனவே கோட்டுக்கு 3 மி.மீ. தடிமன் கொடுத்து, 'ஸ்ட்ரோக் டு பாத்' என்ற கட்டளையால் அந்தத் தடிமனின் இரு ஓரங்களையும் பாதையாக மாற்ற வேண்டும். பிறகு 'யூனியன்' கட்டளையால், கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களை ஒன்றாக்க வேண்டும். இப்போது இடைவெளிகள் மட்டும் வெட்டுப்பட்டு, கோலம் ஜன்னல் கம்பி போல ஒரே துண்டாக நிற்கும். புள்ளிகள் தனியே விழுந்துவிடும். அவற்றைச் சேகரித்துக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த ஒரே துண்டு ரகசியத்தை நான் மதுராவில் வேலை பார்த்தபோதே கண்டிருக்கிறேன். மதுரா, பிருந்தாவனம் பகுதியில் சாஞ்சி என்ற காகித வெட்டுக் கலை இருக்கிறது. தனிவகைக் கத்தரிக்கோலால் கண்ணனையும் பசுவையும் கதம்ப மரத்தையும் ஒரே தாளில் வெட்டுவார்கள். பித்ரு பட்ச நாட்களில் அந்தத் தாளைத் தரையில் வைத்து வண்ணப் பொடி தூவி, கோயிலில் ஓவியம் போடுவார்கள். எந்த உருவமும் தனியே விழாது. எங்காவது ஒரு மெல்லிய பாலம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலம் இல்லாமல் சாஞ்சி இல்லை.

4. தமிழ் எழுத்து

அடுத்த சங்கடம் எழுத்தில் வந்தது. மெஷினோடு வந்த மென்பொருளில் 'பொங்கல்' என்று அடித்தேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே வெற்று வட்டம் என்று வந்தது. இன்க்ஸ்கேப்பில் அடித்தபோது கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்தன. அங்கேயே 'ஆப்ஜெக்ட் டு பாத்' கட்டளையால் எழுத்தை வடிவமாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாக அனுப்பினால் பிறகு அது மாறாது. மெல்லிய எழுத்துரு வேண்டாம், கிழியும். 'பலூ தம்பி' போன்ற தடித்த இலவச எழுத்துருக்கள் வெட்டுவதற்கு ஏற்றவை.

சென்ற ஆண்டு இருபத்து நான்கு அட்டைகளுக்கும் 'பொங்கல் வாழ்த்து' என்று வெட்டி, ஒட்டி, அடுக்கி வைத்தேன். ஏழு வயதுப் பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள். படிப்பது அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதல் அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டினாள். "பொ, ங, க, ல... தாத்தா, ஏன் பொஙகல?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்துகளைப் பாயிலிருந்து எடுக்கும்போது மெய்யெழுத்துப் புள்ளிகள் எல்லாம் பாயிலேயே தங்கிவிட்டன. இருபத்து நான்கிலும் ஒரு புள்ளி இல்லை. என் மனைவி மூன்று ஆண்டுகளில் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி அடித்தாள். 'அவுட்செட்' கட்டளையால் முழுச் சொல்லையும் சுற்றி 2 அல்லது 3 மி.மீ. பெரிதாக்கினால் எழுத்துகளும் புள்ளிகளும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அந்த வடிவத்தை வேறு வண்ணத்தில் வெட்டி, அதன் மேல் எழுத்துகளை ஒட்ட வேண்டும். புள்ளிக்கு உரிய இடம் அங்கே தயாராக இருப்பதால் விடுபட்டால் உடனே தெரியும். இரண்டாவது வழி, எழுத்தை ஓட்டையாக வெட்டுவது. அப்போது புள்ளி விழுந்தாலும் ஓட்டை நிற்கும். ஆனால் 'வ', 'ல', 'ண' போன்ற எழுத்துகளின் மூடிய சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும். அதற்கு 2 மி.மீ. அகலத்தில் பாலம் விட வேண்டும். சாஞ்சிக் கலைஞர்களின் பாடம்தான் இது.

5. வெட்டும் முறை

(அ) ஓர் ஓரத்தில் சிறு சதுரம் ஒன்றைச் சோதனையாக வெட்டுங்கள். காகிதம் முழுதாக அறுபட்டு, பாயில் மெல்லிய கீறல் மட்டும் விழுந்தால் ஆழம் சரி. பாய் ஆழமாக வெட்டுப்பட்டால் கத்தியைக் குறையுங்கள்.

(ஆ) நுணுக்கமான வேலைக்கு வேகத்தைக் குறையுங்கள்.

(இ) வெட்டி முடிந்ததும் காகிதத்தைப் பாயிலிருந்து இழுக்காதீர்கள், சுருண்டுவிடும். பாயைக் கவிழ்த்து, பாயை வளைத்து உரியுங்கள். காகிதம் தட்டையாக மேசையில் தங்கும்.

(ஈ) பசையைக் குறைவாக, ஊசிமுனை அளவுப் புள்ளிகளாக வையுங்கள். அதிக ஈரம் அட்டையை வளைக்கும்.

(உ) கத்தி மாற்றுவது பெரியவர் வேலை. கழிவுத் துண்டுகளை எடுப்பது குழந்தைகளின் வேலை. எழுத்தின் வடிவம் அவர்கள் மனதில் பதிவது அப்போதுதான். என் பேத்திக்கு மெய்யெழுத்தின் புள்ளி இனி மறக்காது.

6. வீட்டு அலங்காரம்

இதே முறையில் மாவிலைத் தோரணம் செய்யலாம். 12 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள இலை, 12 அங்குலத் தாளில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, அதாவது 14 இலைகள் வரும். 3 அடி வாசலுக்கு 6 செ.மீ. இடைவெளியில் 16 இலைகள் வேண்டும். ஆகவே இரண்டு தாள் எடுங்கள். இலையின் நடுவே மடிப்புக் கோடு ஒன்று அழுத்தினால் நிஜ இலை போல் நிற்கும். நவராத்திரிக் கொலுப் படிகளுக்கு ஓர நகாசும் வெட்டலாம். கார்த்திகைக்குக் காகித விளக்குக் கூடு செய்தால் உள்ளே சிறு எல்.ஈ.டி. பல்பு மட்டுமே வையுங்கள், அகல் வேண்டவே வேண்டாம். கண்ணாடி ஜன்னலில் உட்புறம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டிய எழுத்தை, வெட்டுமுன் இடவலமாகத் திருப்ப மறக்காதீர்கள்.

மெஷின் விலை சில ஆயிரங்களில் முடிவதல்ல. வீட்டுக்கு ஒன்று தேவையுமில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். நம் சங்கமே ஒன்று வாங்கித் தமிழ் வகுப்பில் வைத்தாலும் நல்லது.

கடைசியாக ஒன்று. மெஷின் வெட்டிய முதல் கோலத்தை என் மனைவியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாங்க, ஆனா புள்ளிகிட்ட வளைவு ரொம்ப முடுக்கமா இருக்கு. கொஞ்சம் தளர்த்துங்க" என்றாள். தளர்த்தினேன். கோலம் உயிர் பெற்றது. அன்றிலிருந்து நோட்டைப் புரட்டி எந்தக் கோலம் என்று தேர்ந்தெடுப்பது அவள், மெஷின் ஓட்டுவது நான், புள்ளி ஒட்டுவது பேத்தி. அட்டையின் உள்ளே கையெழுத்தை மட்டும் அவளே போட்டாள். எழுத்து நடுங்கியது. மாயவரத்திலிருந்து அவளுடைய அக்கா போனில் பேசும்போது கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்கியேடி, அது போதும்" என்றாராம்.

அட்டை செய்யப் போகிறவர்கள் மார்கழி பிறக்கும் முன்பே தொடங்குங்கள். அனுப்புவதற்கு முன், புள்ளிகளை எண்ணிவிடுங்கள்.