மலசலகூடக் குழியும் கிணறும்

கழிவுநீரைக் குழாயில் கொண்டுசென்று சுத்திகரிக்கும் வசதியில்லாத சிறுபட்டணத்தில், கழிவெல்லாம் வீட்டுக் குழிக்குள்ளேயே தங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது ஆபத்தானது. அங்கே நிலத்தடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். அடி பூசாத குழியின் கழிவு மண்ணில் வடியாமலே கிணற்றைச் சேரும். மிதமிஞ்சி இட்ட யூரியாவும் அப்படியே.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறியும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம். மிஞ்சினால், அந்நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்க இயலாமற்போகும், உடல் நீலம்பாரிக்கும்.

ஆகவே, புதிய காணியில் குடியேறுவோரே, குழி வெட்டுமுன் கிணறு எங்கே என்று பாருங்கள். குழியின் அடியையும் சுவரையும் சீமெந்தால் பூசுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டார், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுநீரைச் சோதிப்பியுங்கள்.