இரண்டு பம்ப் இருந்தால் போதுமா?

ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நம் சங்கக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு மின்சாரப் பாடம் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் தனிமனிதர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. பெட்ரோல் டாங்க் மேல் இறக்கையில் இருந்தால், எரிபொருள் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கிவிடும். தாழ்ந்த இறக்கை என்றால் பம்ப் வேண்டும். எலக்ட்ரானிக் இஞ்ஜெக்‌ஷன் உள்ள எஞ்சின்களில் பெரும்பாலும் மின்சார பம்ப்தான். மின்சாரம் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும்.

நமது டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சினிலும் எரிபொருள் பம்ப் மின்சாரத்தில்தான் ஓடும். அது நின்றால் வண்டி தண்டவாளத்தில் நிற்கும். பயணிகள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். ஆகாயத்தில் நிற்க இடமேது?

அதனால் இரண்டு பம்ப் வைக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ், ஒரே சுவிட்ச், ஒரே எர்த் கம்பி என்றால் உண்மையில் துணை ஏதுமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும். 2012-ல் வந்த ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் 912 ஐ.எஸ். எஞ்சினில் இரண்டு ஜெனரேட்டர்கள் உண்டு. ஒன்று பம்ப், இஞ்ஜெக்‌ஷன், இக்னிஷனுக்கு. மற்றது ரேடியோ, விளக்குகளுக்கு. முதலாவது பழுதானால் இரண்டாவது எஞ்சினைக் காப்பாற்றும்.

ஒரே ஆல்டர்னேட்டர் உள்ள விமானத்தில், அது பழுதானால் மிஞ்சுவது பாட்டரி மட்டுமே. இப்போது கணக்குக்கு வருவோம். பம்ப் 5 ஆம்பியர், இஞ்ஜெக்‌ஷனும் இக்னிஷனும் 7 ஆம்பியர், ரேடியோ, விளக்கு முதலியவை 8 ஆம்பியர். மொத்தம் 20 என்று கொள்வோம். பாட்டரியில் 16 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கிறது. பழசானதால் 8 தான் தருகிறது. எல்லாம் ஓடினால் 24 நிமிடம். ரேடியோவையும் விளக்குகளையும் அணைத்தால் 12 ஆம்பியர், 40 நிமிடம். இறங்குதளம் 30 நிமிட தூரத்தில் இருந்தால், அந்த ஒரு சுவிட்ச்தான் உயிரைக் காக்கிறது.

பழுது உடனே தெரிந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது வோல்ட் மீட்டர் சுமார் 14 காட்டும். 13-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். பாட்டரியையும் ஆண்டுதோறும் உண்மையான லோடு கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

நம் வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே கணக்குதான். பாட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். அது இன்று எத்தனை நிமிடம் தருகிறது என்று பிள்ளைகளை விட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.