மருந்தால் சிறுநீரகம் கெடாமல் மூலிகை காக்குமா?

“மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமாமே, சிறுபீளைக் கஷாயம் குடித்தால் தடுக்கலாமா?” ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்திலிருந்து வரும் நோயாளிகளும் குடும்பத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு ஆய்வு கூறும் விடையை அறிவோம்.

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது மருந்துகளும் அதன் நுண்குழல்களை அடைகின்றன. கிருமிகளைக் கொல்லும் ஜென்டாமைசின் ஊசியும், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் அக்குழல்களின் செல்களில் தேங்கி அவற்றைச் சிதைக்கக்கூடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளோ சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன.

பொங்கல் காப்புக்குப் பயன்படும் சிறுபீளையைப் பற்றிய ஆய்வொன்று 2004-இல் வெளியாயிற்று. சிஸ்பிளாட்டினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட எலிகளுக்கு அச்செடியின் சாறு கொடுக்கப்பட்டபோது யூரியா, கிரியாட்டினின் அளவுகள் குறைந்தன. ஜென்டாமைசினுக்கு எதிராக முன்கூட்டிக் கொடுத்தபோதும் நற்பயன் தெரிந்தது.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் அது எத்தனாலில் பிரித்து, எடைக்கேற்ப அளந்து கொடுத்த சாறு, வீட்டுக் கஷாயமன்று. அந்த எலிகள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்பவையும் அல்ல. மனிதரிடம் முறையாகச் சோதித்து உறுதி செய்யும் வரை இதனை மருந்தாகப் பரிந்துரைக்க இயலாது.

‘செடிதானே, என்ன செய்துவிடும்?’ என்று எண்ணுதலும் தவறு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலமே காரணம். நம் பகுதியில் வளரும் ஆடுதின்னாப்பாளையும், ஈஸ்வரமூலியும் அதே செடியினத்தைச் சேர்ந்தவை. மூக்கிரட்டையில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும்.

ஆகவே, இன்று உறுதியாகக் காப்பவை இவை:

• மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கித் தொடர்ந்து உண்ண வேண்டா. வாந்தி, வயிற்றுப்போக்கின்போது வலி மாத்திரையை அறவே தவிர்க்கவும்.

• ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் சிகிச்சையின்போது கிரியாட்டினின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சிஸ்பிளாட்டினுடன் ஏற்றப்படும் உப்புநீர், சிறுநீரகத்தைக் காப்பதற்கே.

• சூரணமோ கஷாயமோ உண்டுவந்தால் அதன் பொட்டலத்தையும் கொண்டு வாருங்கள். சித்த மருத்துவரிடம் செல்வோர் இங்குப் பெறும் மருந்துச் சீட்டை அவரிடமும் காட்டுக.

• சிறுநீர் குறைந்தாலோ, முகமோ காலோ வீங்கினாலோ அன்றே வாருங்கள்.

மூலிகை உண்பதைச் சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என அஞ்ச வேண்டா. சொன்னால்தான் உரிய மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுக்க முடியும்.