கோப்பு மாற்றும் காரியம்

பம்புகளின் உடற்பகுதியையும் இம்பெல்லரையும் வடிவமைக்கிற தொழிற்சாலைகளிலிருந்து வரும் முப்பரிமாண வரைகோப்புகளைப் பெற்று, அவற்றினுள்ளே நீர் எவ்விதம் ஓடும், வார்ப்பிரும்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று கணினியில் கணித்துச் சொல்வதையே ஜீவனோபாயமாகக் கொண்ட எனக்கு, கணக்குப் போடுவதில் கழியும் பொழுதைக் காட்டிலும், கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பழுதின்றிக் கொண்டுவந்து சேர்ப்பதில் கழியும் பொழுதே அதிகம் என்றால், இத்தொழிலில் இல்லாதவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். வேறு வடிவத்தில் சேமித்துவிட்டால் காரியம் முடிந்தது என்பதுதான் பொதுவான அபிப்பிராயம்.

சிரமத்தின் மூலகாரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரைமென்பொருளுக்குள்ளும் வடிவக் கணிதத்தைக் கவனித்துக்கொள்ளும் கெர்னல் ஒன்று உண்டு. சாலிட்வொர்க்ஸும் என்எக்ஸும் பாராசாலிட் என்ற கெர்னலின்மேல் நிற்பவை, கேட்டியாவுக்கு அதன் சொந்தக் கெர்னல், ஃப்ரீகேட் ஓப்பன்கேஸ்கேடை ஆதாரமாகக் கொண்டது. இரண்டு பரப்புகள் ஒட்டியிருக்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா என்று தீர்மானிக்கும் வரம்பு இவற்றுள் ஒன்றுபோல் ஒன்றில்லை. பாராசாலிட்டில் அது 0.00001 மில்லிமீட்டர், கேட்டியாவில் வழக்கமாக 0.001 மில்லிமீட்டர். ஆகவே கேட்டியாவில் ஒட்டியதாகவே கருதப்பட்டு வந்த ஒரு மூட்டு, நூறு மடங்கு கறாரான கெர்னலுக்குப் போய்ச் சேர்ந்தவுடன் பிளவாகத் தென்படுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாராசாலிட் அத்தகைய விளிம்புகளுக்குச் சற்றுத் தளர்ச்சி கொடுத்துச் சமாளிக்கிறது என்றாலும், பிறகு உடலைச் சிறு மூலகங்களாகப் பிரித்து மெஷ் போடும் வேளையில் தலைமயிர் அகலமேயுள்ள பரப்புகள் வெளிப்பட்டு, ஆயிரக்கணக்கான சிறு மூலகங்களை அங்கே குவித்து, வேலையை ஸ்தம்பிக்கச் செய்துவிடும்.

இதனால் நான் கைக்கொள்ளும் வரிசை ஒன்றுண்டு. இரு பக்கத்திலும் பாராசாலிட் இருந்தால் அதன் எக்ஸ்டி கோப்பையே கேட்டு வாங்குகிறேன், ஏனெனில் அங்கே மொழிபெயர்ப்பே நடப்பதில்லை, இல்லாவிடில் எல்லா மென்பொருளுக்கும் பொதுவான வடிவமாகிய ஸ்டெப், அதுவுமின்றேல் 1980-இல் பிறந்த ஐஜெஸ் கடைசிப் புகலிடம். ஐஜெஸ் பெரும்பாலும் தனித்தனிப் பரப்புகளாகவே வந்து சேரும், அவற்றைத் தைத்து உடலாக்க வேண்டியது நம் பொறுப்பு. மேலும், அசல் உருளையாக இருந்த துளை பல சமயம் ஸ்ப்ளைன் பரப்பாக மாறி வந்து, பேரிங் பாரம் கொடுக்க முயலும்போது மென்பொருள் அதை உருளை என்று ஏற்க மறுக்கிறது.

ஸ்டெப் கோப்பின் பெரிய சௌகரியம், அது வெறும் எழுத்துக் கோப்பு என்பது. நோட்பேடில் திறந்து பார்த்தால் எந்த ஏபி (பயன்பாட்டு நெறிமுறை) பதிப்பு, எந்த அலகு, எவ்வளவு துல்லிய வரம்பு என்பனவெல்லாம் எழுதியிருக்கும். ‘மேனிஃபோல்ட் சாலிட் பிரெப்’ என்ற பதம் கிடைத்தால் முழு உடல் வந்திருக்கிறது, ‘ஷெல் பேஸ்டு சர்ஃபேஸ் மாடல்’ மட்டுமே கிடைத்தால் வந்திருப்பது வெறும் தோல். பழைய ஏபி203, ஏபி214 இரண்டையும் ஒன்றுசேர்த்து 2014-இல் வந்த ஏபி242 என்ற பதிப்பையே அனுப்பும் மென்பொருளில் தெரிவு செய்யச் சொல்வது நல்லது.

கணக்குக்குத் தேவையற்ற சிறு அம்சங்களை நீக்குவதைக் கோப்பு மாற்றத்திற்கு முன், மூல மென்பொருளில், அதன் அம்ச மரம் உயிரோடிருக்கும்போதே செய்துவிட வேண்டும். பெயர்ப்பலகை எழுத்து, மரை, கால் போல்ட் துளைகளின் சிறு சாய்வுகள் இவையெல்லாம் தாராளமாகப் போகலாம். ஆனால் பம்பு உடலின் சுருள்வழியாகிய வால்யூட்டின் நாக்கு முனையில் உள்ள வளைவை, சிறியதாயிற்றே என்று தட்டையாக்கிவிட்டால் நீரோட்டக் கணக்கே வேறாகும். அவ்வாறே, அழுத்தம் பார்க்கும் உள்மூலையின் ஃபில்லெட்டை எடுத்துவிட்டால், மெஷ்ஷை நுண்ணியதாக்க நுண்ணியதாக்க அழுத்தம் எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும், அந்த எண்ணுக்கு அர்த்தமே இராது. இந்த விவேகத்தைத் தானியங்கிச் சுத்திகரிப்புப் பொத்தானிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை.

எஸ்டிஎல் என்ற கோப்பு வடிவத்தைச் சிலர் அலட்சியமாகப் பேசுவார்கள். முக்கோணங்களைத் தவிர அதில் வேறொன்றுமில்லை, அலகுகூட இல்லை என்பது மெய்தான். ஆயினும் நீரோட்டக் கணிப்பு மென்பொருளாகிய ஓப்பன்ஃபோமில் மெஷ் போடும் ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் விரும்பி ஏற்பது அதைத்தான். எழுத்து வடிவ எஸ்டிஎல்லில் நுழைவாய், வெளிவாய், சுவர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயரிட்டு ஒரே கோப்பாகச் சேர்த்தால், அப்பெயர்கள் எல்லைப் பெயர்களில் வந்துவிடும். ஓப்பன்ஃபோம் மீட்டரில் எண்ணுவது. மில்லிமீட்டர் கோப்பை 0.001 ஆல் பெருக்காமல் கொடுத்தால், 300 மில்லிமீட்டர் பம்பு 300 மீட்டராக, கன அளவோ நூறு கோடி மடங்காக நிற்கும்.

எனவே கோப்பு எதுவாயினும், மெஷ்ஷைத் தொடுமுன் உடலின் கன அளவைக் கேட்டு, வார்ப்பிரும்பின் அடர்த்தியாகிய கன மீட்டருக்குச் சுமார் 7200 கிலோ என்பதால் பெருக்கி, தொழிற்சாலையார் தராசில் கண்ட எடையோடு ஒப்பிடுகிறேன். கிராம் கணக்கு ஒத்துப்போகாவிடினும், ஒரு பக்கத்துத் தோல் காணாமற்போனதும் அங்குலம் மில்லிமீட்டராகப் படிக்கப்பட்டதும் இங்கே தெரிந்துவிடும். கோப்புடன் அளவுகள் குறித்த இருபரிமாண வரைபடத்தின் பிடிஎஃப் பிரதியையும், எடைச் சீட்டையும் சேர்த்தே அனுப்பவேண்டுமென்று வேலை ஒப்புக்கொள்ளும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.