தோப்பு விருந்தும் கால்நடைப் பாதுகாப்பும்

ஆடி, தை மாதங்களில் பங்காளிகள் ஒன்றுகூடி, குலதெய்வக் கோயில் தோப்பில் ஓரிரவு தங்கிப் பொங்கலிட்டு, கிடா வெட்டி விருந்துண்பது கிராமங்களில் வழக்கம். முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் இந்த விருந்து அக்கம்பக்கத்து மாடுகளின் உயிருக்கே ஆபத்தாக முடியும். விருந்து முடிந்து மீந்துபோகும் சோறே இதற்குக் காரணம்.

பந்தியில் சோறு குறைந்தால் கௌரவக் குறைவு என்று எண்ணி, தேவைக்கு மேல் வடித்துவிடுகிறார்கள். மீந்ததை வீணாக்க மனமின்றிக் கழுநீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். ஒரு பிடி சோறு மாட்டுக்குக் கெடுதல் செய்யாது. வயிறு முட்டச் சோறோ, பொங்கலோ, கஞ்சியோ தின்றுவிட்டால் அது முதல் வயிற்றில் விரைவாகப் புளித்து அமிலமாகிவிடும். மாடு தீனி எடுக்காது. அசை போடுவதை நிறுத்திவிடும். இடப்புற வயிறு உப்பும். சாணம் புளித்த வாடையுடன் இளகிப் போகும். பின்னர் தள்ளாடிப் படுத்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் இறக்கவும் கூடும். ஆடுகளுக்கும் இதே கதிதான்.

அறிகுறி தெரியும்வரை காத்திராமல், மாடு சோற்றைத் தின்றது தெரிந்தவுடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து நடமாடும் மருத்துவ ஊர்தியையும் கேட்கலாம். சமையல் சோடா கொடுப்பது வழக்கமான சிகிச்சையே என்றாலும் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். தள்ளாடும் மாட்டுக்கு வாயில் மருந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆகவே அரிசிக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்வது அவசியம். வரும் குடும்பங்களை முதல் நாளே எண்ணிவிட வேண்டும். சிறுவர் பெரியவர் சேர்ந்த 100 பேருக்கு ஒரு வேளைக்கு 12 கிலோ அரிசி போதும். உழைப்பாளிகள் மிகுதியானால் 15 கிலோ வரை கொள்ளலாம். முக்கால் பங்கை முதலில் வடித்து, முதல் பந்தி எழுந்த பிறகு தேவை பார்த்து மீதியை உலையிடலாம். 25 கிலோ கிடாவில் 11 அல்லது 12 கிலோ கறிதான் தேறும்.

அப்படியும் மீந்த சோற்றையும் எச்சில் இலைகளையும் மூன்றடி ஆழக் குழியில் போட்டு மண் மூடி, மேலே முள் வெட்டிப் போட வேண்டும். கிடாவின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தென்பட்டால் அதை நாய்க்குப் போடவே கூடாது. நாயின் வயிற்றில் நாடாப்புழு உண்டாகி, அதன் முட்டை மனிதருக்கும் ஆட்டுக்கும் பரவும். அதையும் ஆழப் புதைப்பதே முறை. பிளாஸ்டிக் பூசிய தட்டுகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை. வாழை இலையோ தையல் இலையோ போதும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் வீதம் தேவை. வண்டி மாடுகள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டருக்குக் குறையாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பிடக் குழி கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளியிருக்கட்டும்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் வைக்கோற்போருக்குக் கிழக்கே, எட்டத்தில் அடுப்பு மூட்ட வேண்டும். வந்த மாடுகளை அடுப்புக்கும் பந்திக்கும் எட்டாத இடத்தில் கட்டி, வீட்டிலிருந்தே கொண்டுவந்த வைக்கோலைப் போடுவது நலம்.