துயரத்தின் ஆயுள்

அன்புள்ள கமலாவுக்கு,

மனோதத்துவ வகுப்பில் சேர்ந்துவிட்ட செய்தியோடு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் கேட்பதுபோல, ஒரு பெரிய கேள்வியைக் கேட்டிருக்கிறாய்: மனம் வாடியிருக்கும்போது அந்த வாட்டத்தின் காரணத்தை வேர்வரை தோண்டிப் பார்க்கிறவர், பாராதவரைவிடச் சீக்கிரம் தேறிவிடமாட்டாரா என்று. ஆத்ம விசாரத்தை உயர்வாகப் போற்றும் வீட்டில் வளர்ந்தவள் ஆகையால், 'ஆம்' என்ற விடையையே நீ எதிர்பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால், சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்கப் பெண்மணி இந்தக் கேள்வியையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் 'இல்லை' என்ற முடிவுக்கே வந்தார். அவர் அம்முடிவுக்கு வந்த வழி, முடிவைக் காட்டிலும் சுவையானது.

1959இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த அவர், யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, பென்சில்வேனியாவில் டாக்டர் பட்டம் பெற்று, ஸ்டான்போர்டிலும் மிச்சிகனிலும் ஆசிரியராக இருந்து, இறுதியில் யேலுக்கே திரும்பி வந்தவர். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய இருமடங்கு பீடிப்பது ஏன் என்பதே அவர் இளமையில் எழுப்பிய வினா. உடற்கூற்றையும் சமூகத்தையும் மற்றவர்கள் காரணமாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, துக்கம் வந்தபின் ஒருவர் அதை என்ன செய்கிறார் என்பதை இவர் கவனித்தார். சிலர் எழுந்து ஏதாவது வேலையில் இறங்கிவிடுகிறார்கள், வேறு சிலர் உட்கார்ந்த இடத்திலேயே, "எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் ஏன் இத்தனை பலவீனமாக இருக்கிறேன்?" என்று துயரத்தை அசைபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டாவது வகையில் பெண்கள் அதிகம் என்பதும், அதனால்தான் அவர்களுடைய சோர்வு நீள்கிறது என்பதும் அவருடைய கருத்து. இது மட்டுமே முழு விளக்கமாகிவிடாது என்பது என் அபிப்பிராயம். பெண்களின் வறுமையும், ஓயாத வீட்டுப் பாரமும், தம் வாழ்வின்மேல் தமக்கே அதிகாரமில்லாத நிலையும் இதில் சேராமல் போகுமா? அவரும் பின்னாளில் அவற்றையெல்லாம் தம் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்.

கருத்தைச் சோதிக்க இயற்கையே ஒரு சந்தர்ப்பத்தை அளித்தது. 1989ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஸ்டான்போர்டு மாணவர் 137 பேரிடம், அவர்களுடைய மனநிலை எப்படி இருக்கிறது, மனம் சோர்ந்தால் என்ன செய்யும் வழக்கமுடையவர்கள் என்றெல்லாம் வினாத்தாள் கொடுத்து விடை வாங்கி வைத்திருந்தார். அதற்கு 14 நாள் கழித்து, அக்டோபர் 17ஆம் தேதி மாலை ஐந்து மணியளவில், லோமா பிரியேட்டா நிலநடுக்கம் அந்தப் பிரதேசத்தையே உலுக்கிற்று, 63 பேர் மாண்டனர், மேம்பாலங்கள் சரிந்தன. அவரும் அவருடன் பணியாற்றிய மாரோவும் பத்து நாள் கழித்தும், பின்னர் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். துயரத்தை அசைபோடும் பழக்கம் முன்னமே உடையவர்கள், தொடக்கத்தில் அவர்களுக்கு எவ்வளவு சோர்வு இருந்தது என்பதைக் கணக்கிற்கொண்டு கழித்த பிறகும், மற்றவர்களைவிட அதிகமாகச் சோர்ந்திருந்தார்கள். ஆபத்து நேர்ந்தபின் ஒருவரைப் பார்த்து, "நீ அதிகம் சிந்திப்பதால் வாடினாயா, வாடியதால் சிந்திக்கிறாயா?" என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல இயலாது; ஆபத்துக்கு முன்பே விடை எழுதி வாங்கி வைத்திருந்ததுதான் இந்த ஆராய்ச்சிக்குப் பெருமை.

தம் மாணவியாக இருந்து பின்னர் புகழ்பெற்ற சோன்யா லியூபோமிர்ஸ்கியோடு அவர் செய்த பரிசோதனைகளையும் நீ அறிந்துகொள்ள வேண்டும். மனம் சோர்ந்திருந்த மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒவ்வொருவரிடமும் வாக்கியங்கள் எழுதிய தாள்களைக் கொடுத்து, எட்டு நிமிஷ நேரம் அவற்றில் மனத்தைச் செலுத்தச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் தம் உடலின் களைப்பையும், தம் சுபாவத்தையும், தாம் ஏன் இப்படி ஆனோம் என்பதையும் சிந்தித்தார்கள். மற்றப் பிரிவினர், பெரிய கறுப்புக் குடை ஒன்றின் வடிவத்தையும், அட்லாண்டிக் கடலை மெல்லக் கடக்கும் கப்பலையும், மோனா லிசாவின் முகபாவத்தையும் மனக்கண்ணில் பார்த்தார்கள். எட்டே நிமிஷம்தான்! அதன்பின், நண்பனோடு ஏற்பட்ட பிணக்கு முதலிய பிரச்சினைகளைத் தீர்க்க வழி சொல்லுமாறு கேட்டபோது, தம்மையே சிந்தித்தவர்கள் சொன்ன வழிகள் குறைபாடுடையனவாக இருந்தன. குடையையும் கப்பலையும் நினைத்தவர்களோ, சோர்வே இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய நிகராக விடையளித்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அசைபோட்டவர்கள் தங்களுக்குத் தங்களைப்பற்றிய தெளிவு பிறந்து வருவதாகவே நம்பினார்கள். உள்ளத்தை ஆழ்ந்து பார்ப்பதாகத் தோன்றும் மயக்கமே இந்தப் பழக்கத்தை விடவொட்டாமல் செய்கிறது என்று நான் கருதுகிறேன்.

இதுவரை சொன்னது ஒரு தனி மனிதரின் உள்ளத்துக்குள் நடப்பது. ஆனால் துக்கத்தைத் தனியே அனுபவிப்பவர் யார்? 1999இல் நோலன்-ஹோக்செமாவும் கிறிஸ்டோபர் டேவிஸ் என்பவரும் வெளியிட்ட கட்டுரையே இவ்வளவிலும் என்னை மிகவும் கவர்ந்தது. நீண்ட நோயில் கணவனையோ, பெற்றோரையோ, பிறரையோ பறிகொடுத்தவர்களை, மரணத்துக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாக அவர்கள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள். அசைபோடும் இயல்புடையவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக உற்றாரின் அனுதாபத்தைத் தேடிப் போனார்கள். அது கிடைத்தபோது மற்றவர்களைவிட அதிக நன்மையும் அடைந்தார்கள். அப்படியிருந்தும் அவர்களுக்குக் கிடைத்தது குறைவு, உறவில் உரசல்தான் அதிகம். காரணத்தை நீயே ஊகிக்கலாம். முதல் மாதத்தில் கண்ணீரோடு கேட்ட தமக்கை, ஆறாம் மாதத்தில் அதே சம்பாஷணை அதே இடத்தில் தொடங்குவதைக் கண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள். பார்த்ததைத் துக்கப்படுகிறவர் கண்டுகொள்கிறார். "என்னை யாரும் விரும்பவில்லை" என்று அசைபோட அவருக்குப் புதிய விஷயம் ஒன்று கிடைத்துவிடுகிறது. தமக்கையைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மனச்சோர்வு உள்ளவரைச் சுற்றியுள்ளோர் முதலில் தேற்றி, பிறகு சலித்து, கடைசியில் விலகுவதை ஜேம்ஸ் கோய்ன் என்பவர் 1976லேயே விவரித்திருக்கிறார்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு உள்ளே அடக்கிவிடுவது உத்தமமா என்று நீ கேட்பாய். அதுவும் அல்ல. ஸ்டான்போர்டில் ஜேம்ஸ் கிராஸ் என்பவரின் குழுவினர், முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக அமர்த்தி, மனத்தைக் கலக்கும் திரைப்படம் ஒன்றைக் காட்டி, அதைப்பற்றிப் பேசச் சொன்னார்கள்; சிலரிடம் மட்டும், முகத்தில் எதையும் காட்டாதே என்று இரகசியமாகச் சொல்லிவைத்தார்கள். அடக்கியவளுக்கு எதிரே அமர்ந்து ஒன்றும் அறியாமல் பேசிக்கொண்டிருந்தவளுடைய இரத்த அழுத்தம் உயர்ந்தது; இருவருக்கும் இடையே சிநேகமும் சரிவரத் தளிர்க்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 2003இல் வந்த மற்றொரு கட்டுரையில், நோலன்-ஹோக்செமாவும் உடன் ஆராய்ந்தவர்களும், தன்னை நோக்கும் சிந்தனையை இரண்டாகப் பிரித்தார்கள். 'நான் ஏன் மற்றவர்களைப்போல் இல்லை' என்று ஏங்குவது ஒன்று. நடந்தது என்ன, இனிச் செய்யத்தக்கது என்ன என்று ஆராய்வது மற்றொன்று. முன்னது நாளடைவில் சோர்வை வளர்த்தது. பின்னது, அந்த வேளையில் சிறிது வருத்தம் தந்தாலும், காலப்போக்கில் சோர்வு குறைவதோடு இணைந்திருந்தது. உன் வீட்டார் போற்றும் விசாரம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று நம்புகிறேன். இந்த ஆராய்ச்சிகளில் பல, அமெரிக்க மாணவர்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதிக்கொடுத்த விடைகளை நம்பி நடந்தவை என்பதையும் நீ மறக்கலாகாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தி துயரத்தைச் சொல்லும் முறையும் கேட்பவர் கேட்கும் முறையும் வேறாக இருக்கக்கூடும். அதை ஆராய உன்னைப்போன்றவர்கள் முன்வர வேண்டும்.

நோலன்-ஹோக்செமா 2013ஆம் ஆண்டு ஜனவரியில், இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், 53ஆம் வயதில் காலமானார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, உணவையும் உறக்கத்தையும் கெடுக்குமானால், கட்டுரை படித்துத் தீர்க்கும் விஷயமல்ல அது, மருத்துவரிடம்தான் போகவேண்டும். உன் தோழியருக்கும் இதைத் தயங்காமல் சொல். உன் கல்லூரி நூலகத்தில் அந்த 1999ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி முதலில் படி. நிலநடுக்கக் கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உனக்கு உடன்பாடில்லாத இடங்களைக் குறித்து வைத்து, விடுமுறைக்கு வரும்போது கொண்டுவா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா