அன்பும் மூளை வளர்ச்சியும்

குழந்தையின் உடல் வளரப் பாலும் சோறும் வேண்டும். அதன் மூளை வளர வேண்டுவது யாது? ருமேனியா நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

1989-இல் அந்நாட்டில் சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தபின், அங்கிருந்த குழந்தைக் காப்பகங்களின் அவலநிலையை உலகம் அறிந்தது. அங்கே உணவும் உறையுளும் இருந்தன. எடுத்து அணைக்கும் கைகளும் கொஞ்சிப் பேசும் குரலும் அரியனவாயின.

2000-ஆம் ஆண்டில் சார்லஸ் நெல்சன் முதலிய அமெரிக்க அறிஞர் மூவர், தலைநகராகிய புக்கரெஸ்ட்டில் காப்பகக் குழந்தைகள் 136 பேரை ஆராயத் தொடங்கினர். குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்த்தனர். ஏனையோர்க்குப் பழைய பராமரிப்பே தொடர்ந்தது.

மூளையில் நுண்ணிய மின்னலைகள் எழுகின்றன. தலையில் மின்வாய்களைப் பொருத்தி, நோவு சிறிதுமின்றி அவற்றைப் பதிவு செய்யலாம். தொடக்கத்தில் காப்பகக் குழந்தைகளின் மின்னலைகள் வலிமை குன்றியிருந்தன. இரண்டு வயதிற்குமுன் குடும்பம் புகுந்தோரின் மின்னலைகளோ, எட்டாம் வயதில், பெற்றோரிடமே வளர்ந்த குழந்தைகளின் மின்னலைகளை ஒத்திருந்தன! காலந்தாழ்ந்து புகுந்தோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.

பின்னர்க் காந்தப்புலத்தின் உதவியால் மூளையைப் படமெடுத்தனர். காப்பகத்தில் வாழ்ந்தோரின் மூளையில் சாம்பற்பொருள் குறைந்திருந்தது. குடும்பம் புகுந்தும் அக்குறை நீங்கவில்லை. ஆயினும், நரம்பிழைகளாலாகிய வெண்பொருள் அவர்களிடம் தேறியிருந்தது.

இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதை, ருமேனியா 2004-இல் இயற்றிய சட்டத்தால் பெரும்பாலும் தடுத்தது. பயிருக்குப் பருவமழை போன்றது குழந்தைக்கு அன்பு. அது காலத்தில் கிடைத்தல் வேண்டும்.